ஒரே மனுவில் இரண்டு பெயர்

நெடுநாள் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன், அக்கா. இனி முடியாது.

இன்று காலை முத்தியால்பேட்டைச் சந்தில் உங்கள் முப்பதாம் நாள் பூசைக்குப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை; புளித்த மைதா வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. உங்கள் படத்துக்குக் கீழே 'துயரில் வாடும் அன்புத் தம்பி' என்று அவன் பெயர். அதற்கும் மேலே, பெரிய எழுத்தில், உங்கள் சித்தப்பா பெயர்.

என் தங்கை இறந்த பிறகு அந்த அன்புத் தம்பி தன் இரண்டு பிள்ளைகளையும், பாப்பாவையும் சின்னவனையும், பெல்ட்டால் விளாசியதை, உப்பளத்தில் நீங்களும் அவனோடு இருந்த வீட்டின் அடுத்த அறையிலிருந்து கேட்டவர் நீங்கள். நான் சொன்னால், மச்சான் பகையில் பேசுகிறான் என்றார்கள். நீங்களோ அவன் கூடப் பிறந்தவர். என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது நீங்கள் உட்காரக்கூட இல்லை. "பாப்பா முதுகப் பாத்துட்டு வர்றேன் தம்பி. அப்பன்கிட்டேருந்து புள்ளைங்களப் பிரிக்க வழி ஏதும் இருக்கா?" என்றீர்கள்.

இருக்கிறது என்றார் வக்கீல். அத்தையோ மாமனோ தங்களைக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி மனுப் போடலாம். பெற்றவன் உரிமையைவிடப் பிள்ளையின் நலனே நீதிமன்றத்துக்குப் பெரிது. தீர்ப்பு வரும்வரை பிள்ளைகளைத் தற்காலிகமாக நம்மிடம் விடவும் கேட்கலாம். டாக்டர் சான்றும் டீச்சரின் சாட்சியும் உதவும். "ரெண்டு பேரும் சேர்ந்தே போடுங்க, ஒருத்தருக்கு ஏதாவது ஆனா இன்னொருத்தர் இருப்பீங்க" என்றார்.

அங்கேதான் உங்கள் சித்தப்பா நுழைந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். தெருவே 'ஐயா' என்பதைப் பிரெஞ்சில் 'முசியே' என்று சொல்லி எழுந்து நிற்கும். "கல்யாணமாவாத பொண்ணு பேரும் வேத்து ஆம்பள பேரும் ஒரே மனுவுலயா? ஊரு சிரிக்காது?" என்றார். பாப்பாவின் முதுகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீங்கள் தலைகுனிந்தீர்கள். மனு உங்கள் பெயரில் மட்டும் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. ஆற்றிக்கொள்ளும் எண்ணமும் இல்லை.

ஆனால் கூண்டில் நீங்கள் குனியவில்லை. "கூடப் பொறந்தவனுக்கு எதிரா வந்திருக்கீங்களே, சொத்துத் தகராறாம்மா?" என்றார் அவன் வக்கீல். "தகராறு சொத்துல இல்ல சார், பெல்ட்டுல" என்றீர்கள். நீதிபதி பாப்பாவைத் தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள், "அத்தை, உள்ள ஃபேன் சூப்பரா சுத்துது" என்றாள். அழுதுகொண்டே சிரித்தீர்கள்.

தீர்ப்பில் பிள்ளைகள் உங்களிடம் வந்தார்கள்; அவர்களோடு தனி வீடு போனீர்கள். யாராவது கதவைத் தட்டினால் கட்டிலுக்கடியில் பதுங்குவதைச் சின்னவன் மெல்ல மெல்ல விட்டான்.

நீங்கள் போனதும் பிள்ளைகளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். உங்களைப் புதைத்த ஈரம் காயுமுன் அவன் என் வாசலில் வந்து நின்றான். "ஆர்டர் அக்கா பேர்ல இருந்துச்சு. இப்ப அக்காவே இல்ல. புள்ளைங்கள அனுப்பு" என்றான். சின்னவனைக் கட்டிலுக்கடியிலிருந்து வெளியே கொண்டுவர எனக்கு வெகுநேரம் ஆயிற்று. நீங்கள் இல்லை என்பதற்காகப் பிள்ளைகள் மீதான உரிமை தானாக அவனிடம் போய்விடாது, ஆனால் உடனே புது மனு வேண்டும் என்றார் வக்கீல். போட்டுவிட்டேன். இந்த முறை என் பெயர் மட்டும். அவன் நல்லவன் என்று சாட்சி சொல்லப் போகிறவர் முசியேவாம்.

அன்று கோர்ட்டுப் படியேறும்போது, "பயமாத்தான் இருக்கு தம்பி. பயந்துகிட்டே சொல்லிட்டுப் போவோம்" என்றீர்கள். உங்களிடமிருந்து என்னோடு இருப்பது அதுதான், அக்கா. வேறெதுவும் நான் கேட்டு வாங்கவில்லை.

இந்தக் கடிதத்தை உங்கள் கல்லறையில் வைக்கப் போவதில்லை. முசியேவின் விலாசம் எழுதித் தபாலில் சேர்க்கிறேன். கூண்டில் ஏறுமுன் அவர் ஒருமுறை படிக்கட்டும். வழக்கு நடக்கையில் எதையும் எழுதித் தராதீர்கள் என்று வக்கீல் எச்சரித்திருக்கிறார். ஆகவே கையெழுத்துப் போடவில்லை. யார் எழுதியது என்று அவருக்குத் தெரிந்துவிடும். தெரியட்டும்.