நாற்பத்துமூன்று பிழைகள்

ஜனவரி 6

அன்பான என் வாத்தியாருக்கு,

நான் நலம். நீங்களும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, வகுப்பில் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தாமல் இருக்கிறீர்களா?

இங்கே வந்து பத்து வாரம் ஓடிவிட்டது. ஆஸ்பத்திரி வேலை கைக்குப் பழகிவிட்டது, இந்த நாட்டு மொழிதான் வாய்க்குப் பழகவில்லை. நீங்கள் எழுதிக் கொடுத்த இலக்கண நோட்டில் பதினெட்டாவது பாடம்வரை முடித்துவிட்டேன். "என் மாமாவின் தோட்டக்காரன் பேனாவைத் தொலைத்தான்" என்பதை எல்லாக் காலத்திலும் மாற்றிச் சொல்வேன். பஸ் டிரைவர் "எங்கம்மா இறங்கணும்?" என்று கேட்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்கிறது. இந்த ஊரில் ஒருவரும் பேனாவைத் தொலைக்க மாட்டேன் என்கிறார்கள், நான் என்ன செய்ய?

ஒரு நல்ல செய்தி. பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களுக்குத் திரும்பப் பேசக் கற்றுத்தரும் பயிற்சியாளர் ஒருவர் இங்கே இருக்கிறார். நோயாளிகளை அவர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. ஒருநாள் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார். இப்போது தினமும் இரண்டு மணிக்கு நானும் அவர்களோடு மாணவி. கோப்பையைத் தூக்கிக் காட்டுவார், பெயரைச் சொல்வார், நாங்கள் வாய் திறக்கிறவரை சும்மா இருப்பார். அவ்வளவுதான் பாடம். நேற்று அந்த டிரைவருக்குப் பதில் சொல்லிவிட்டேன்!

உங்கள் வாயாடி

ஜனவரி 17

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. பதில் சொன்னாயாமே, ரொம்ப சந்தோஷம்.

இருபத்திரண்டு வருடமாக அதே மொழியைத்தான் நான் இந்த மாடி வகுப்பறையில் சொல்லித் தருகிறேன். எத்தனையோ பேர் பரீட்சையில் தேறிப் போயிருக்கிறார்கள். கட்டிய மனைவிக்குச் சொல்லித் தர உட்கார்ந்தால், மூன்றாவது பாடத்தில் "அடுப்புல ஏதோ கருகுது" என்று எழுந்து போனாய். பதினாறு வருடமாக அது கருகிக்கொண்டேதான் இருக்கிறது. இப்போது எவனோ ஒருவன் கோப்பையைத் தூக்கிக் காட்டினானாம், உனக்கு உடனே வாய் திறந்துவிட்டதாம்!

கோப்பையைக் காட்டலாம், சரி. "நேற்றே வந்திருந்தால்" என்பதற்கு எதைத் தூக்கிக் காட்டுவான்? நான் கேட்டதாகவே கேட்டுச் சொல்.

அந்தப் பயிற்சியாளருக்கு என்ன வயது? சும்மாதான் கேட்கிறேன்.

உன் வாத்தியார்

ஜனவரி 29

அன்பான வாத்தியாருக்கு,

உங்கள் கேள்வியைக் கேட்டேன். சிரித்தார். "அதைக் காட்ட முடியாது. வருத்தம் வரும்போது தானா வரும்னு சொல்லுங்க" என்றார்.

அன்றைக்கு அடுப்பில் ஒன்றும் கருகவில்லை. இப்போதாவது சொல்லிவிடுகிறேன். நான் பாதி வாக்கியம் சொல்வதற்குள் நீங்கள் "தப்பு" என்பீர்கள். மீதிப் பாதியில் என்ன சொல்ல வந்தேன் என்று எனக்கே மறந்துபோகும். இவர் தப்பு என்று சொல்வதே இல்லை. நான் கோணலாகச் சொன்னதையே நேராகச் சொல்லிக்கொண்டு மேலே பேசுவார். திருத்தினார் என்பதே வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும்.

எங்களோடு உட்காரும் நோயாளிகளில் ஒரு தையல்காரர் இருக்கிறார். நான்கு மாதமாக ஒரு சொல்கூட இல்லை. நேற்று கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழு நிமிடம் கழித்து "தண்ணி" என்றார். அந்த ஏழு நிமிடமும் பயிற்சியாளர் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 9

வாயாடிக்கு,

ஏழு நிமிடம் காத்திருந்தானாம். என் வகுப்பில் முப்பது பேர். ஆளுக்கு ஏழு நிமிடம் என்றால் தண்ணீர் கேட்டு முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. புதன்கிழமை டீக் கோப்பையோடு வகுப்புக்குப் போனேன். தூக்கிக் காட்டினேன். பெயரைச் சொன்னேன். காத்திருந்தேன். முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி, "சார், இது எத்தனாவது பக்கம்?" என்றாள். டீ ஆறியதுதான் மிச்சம்.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்கிறாயா? ஆமாம், வயிற்றெரிச்சல்தான். அங்கே இரண்டு மணியாகும் நேரத்தில் இங்கே பாடம் ஓடமாட்டேன் என்கிறது, நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பாய் என்ற நினைப்புதான் ஓடுகிறது.

அடுத்த கடிதத்தை முழுக்க அந்த மொழியிலேயே எழுது. தமிழ் ஒரு சொல் கூடாது. உன் குருநாதர் கிழித்தது என்னவென்று பார்க்கிறேன்.

வயதைக் கேட்டிருந்தேனே?

உன் வாத்தியார்

பிப்ரவரி 20

அன்பான வாத்தியாருக்கு,

இந்தத் துண்டுச் சீட்டு மட்டும் தமிழில். நீங்கள் கேட்டபடியே அந்த மொழியில் இரண்டு பக்கம் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். நான்கு நாள் உட்கார்ந்து எழுதினேன். அவரிடம் காட்டவில்லை. இது உங்களுக்கு மட்டும்.

கடைசியில் ஒரு கேள்வி இருக்கிறது. பதிலுக்குக் காத்திருப்பேன்.

உங்கள் வாயாடி

மார்ச் 3

வாயாடிக்கு,

உன் இரண்டு பக்கத்தையும் திருத்தி இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்துமூன்று பிழைகள். தாராளமாகப் போட்டும் நூற்றுக்கு ஐம்பத்திரண்டுதான் வருகிறது. "தனியாக" என்பதை மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய், மூன்றும் தப்பு. "கையெழுத்து" வருகிற வரியில் வினைச்சொல் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கடைசி வரியில் கேள்விக்குறியே இல்லை.

இதுதான் கோப்பை காட்டிச் சொல்லித் தந்ததன் லட்சணம். அவனிடமும் காட்டு. சிவப்பு மை என்றால் என்னவென்று அவனும் தெரிந்துகொள்ளட்டும்.

உன் வாத்தியார்

மார்ச் 15

வாத்தியாருக்கு,

நாற்பத்துமூன்று பிழைகளைக் கண்டுபிடித்தீர்கள். கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா?

தமிழிலேயே சொல்லிவிடுகிறேன். இன்னும் மூன்று வருடம் இருக்கச் சொல்லி ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். பதினான்காம் தேதிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தனியாகச் சாப்பிட்டு, தனியாக நடந்து, தனியாகத் தூங்கி எனக்கு அலுத்துவிட்டது. நீங்கள் இங்கே வருகிறீர்களா, இல்லை நான் அங்கே திரும்பி வந்துவிடட்டுமா? ஒரு சொல் போதும். இதைத்தான் கேட்டிருந்தேன். அந்த மொழியில் நான் எழுதிய முதல் கடிதம் அது.

பதின்மூன்றாம் தேதி உறை வந்தது. வாசலிலேயே நின்று பிரித்தேன். எங்கே பார்த்தாலும் சிவப்பு, பதிலை மட்டும் காணோம். மறுநாள் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீங்கள் வருவீர்களா என்று இனிக் கேட்கமாட்டேன்.

அவருக்கு வயது முப்பத்தொன்பது. பார்க்கவும் நன்றாகவே இருப்பார். அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான், நான் சொல்லி முடிக்கிறவரை கேட்கிறார். வேறு எதுவும் இல்லை. உங்களுக்கு இதுவே போதுமான அளவு வலிக்கும் என்று தெரியும். வலிக்கட்டும்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 26

என் வாயாடிக்கு,

வலிக்கிறது.

திருத்திய தாளைத்தான் உன்னிடம் அனுப்பிவிட்டேனே, உன் கடிதத்தைத் திரும்பப் படிக்க என்னிடம் எதுவுமில்லை. ஆனால் பிழை எண்ணுகிறவனுக்கு ஒவ்வொரு வரியும் மனப்பாடம். உட்கார்ந்து நீல மையில் முழுதும் எழுதிப் பார்த்தேன், நாற்பத்துமூன்று பிழையும் அதனதன் இடத்திலேயே. ஒன்றையும் தொடவில்லை. பிறகு படித்தேன். எனக்கு எல்லாமே புரிந்தது. முதல் தடவையே புரிந்திருக்கும். நான் உன்னைப் படிக்கவில்லை, அவனைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மொழியை நான் யாரிடமும் பேசியதில்லை. பதினொரு வருடத்துக்கு முன் அந்த நாட்டுக்காரர் ஒருவர் என் வகுப்பைப் பார்க்க வந்தார். தொண்டை கட்டிவிட்டது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். இலக்கணம் சுத்தமாக இருந்தது. நீ பத்து வாரத்தில் டிரைவருக்குப் பதில் சொன்னாய் என்றதும் எனக்கு எங்கே எரிந்தது என்று இப்போது தெரிகிறதா? அவன்மேல் பாதிதான் பொறாமை. மீதி உன்மேல்.

உள்ளே ஒரு பக்கம் அந்த மொழியில் எழுதி வைத்திருக்கிறேன். அகராதி பார்க்கவில்லை, அடித்து எழுதவில்லை. முதல் வரி "நேற்றே வந்திருந்தால்" என்று ஆரம்பிக்கிறது. அவர் சொன்னது சரிதான், தானாக வந்தது. நிறையத் தப்பு இருக்கும். திருத்தாதே, படி.

வகுப்பை ஜூன் மாதத்தோடு முடித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்கமாட்டாய், அதனால் நான் கேட்கிறேன். இரண்டு மணிக்கு அந்த அறையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்களா? தையல்காரர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்கு ஏழு நிமிடத்துக்கு மேலேயே ஆகும். நீ காத்திருப்பாயா?

உன் மாணவன்

பி.கு: முப்பத்தொன்பது, சரி. கல்யாணம் ஆகிவிட்டதா?