முனையில் புதுச் சாயம்

ஜெப்பாரா

என் கணவருக்கு,

மகளுக்கு நான் செய்யும் கட்டிலுக்கென்று உங்கள் அண்ணன் சர்ஜோனோ நேற்று தடித்த தேக்குப் பலகை கொண்டுவந்தார். இரு முனைகளிலும் புதுச் சாயம். காயாத மரத்தின் ஈரத்தை மறைக்கப் பூசினாரோ என்று தோன்றியது.

"நல்லா காஞ்சதும்மா. ஒரே இழுப்புல அறுத்துடு."

"அப்ப நீங்களே அறுங்கண்ணே."

"எனக்கு முதுகு வலி."

மின்ரம்பத்தை எடுத்து, பக்கவாட்டில் நின்று, வெட்டின் ஆழம் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அறுத்தேன். வெட்டு மூடிக்கொள்ளாதிருக்க ஆப்பும் வைத்தேன். அப்படியும் பாதியில் பலகை உள்ளீரத்தால் முறுக்கிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வியது. ரம்பம் துள்ளிப் பின்னால் பாய்ந்தது. அதற்கு நேரே நின்றிருந்தால் என் வயிறு கிழிந்திருக்கும்.

அவர் பதறவே இல்லை. "உன் புருஷன்தான் இந்தப் பலகையக் குடுக்கச் சொன்னான்" என்றார்.

வேலைக்கென்று ஜோகூர் போன நீங்கள் எனக்கு எழுதி எட்டு மாதமாகிறது. அவரிடம் மட்டும் எப்போது பேசினீர்கள்?

பதில் வரும்வரை அந்தப் பலகையைத் தொடமாட்டேன்.

இன்னும் உங்கள்
மனைவி