புத்தகத்துக்குள் இருந்த பில்

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நாங்கள் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. கம்பெனியில் உட்கார்ந்து பட்டன் தைக்கும் பக்கம் மாற்றிவிட்டார்கள். நான் அடுத்த மேஜையில்தான் இருக்கிறேன். என்னிடம் நாள் முழுக்க ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை என்று மேஸ்திரி அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாராம்.

ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று நீ கேட்ட நுகர்வோர் சட்டப் புத்தகத்தை நேற்று பரணிலிருந்து இறக்கினேன். முன்பெல்லாம் வீட்டில் அம்மா துணி வெட்டும் மேஜையின் ஒரு முனையில் நீ அதைச் சத்தமாகப் படிப்பாய். மறுமுனையில் நான் சட்டைகளுக்குப் பட்டன் துளை தைத்து, காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். திடீரென்று, "நீ யாருடி?" என்பாய். "உன் தங்கச்சி" என்பேன். "சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாது. நீ ஒரு நுகர்வோர், எழுந்து நில்லு" என்பாய். எனக்குப் புரிந்தால் நீதிபதிக்கும் புரியும் என்று ஒவ்வொரு வரியையும் என்னிடம் சொல்லிப் பார்ப்பாய். நம் பேச்சை அமுக்கிக்கொண்டு அம்மாவின் புதுத் தையல் மெஷின் ஓடும். இரண்டு மாதம்தான் ஓடியது.

அக்கா, அந்த மெஷினின் பில் இந்தப் புத்தகத்துக்குள் இருக்கிறது. 'ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு' என்று நீ பென்சிலால் கோடு போட்ட பக்கத்தில், அடையாளத்துக்கு வைத்திருக்கிறாய். முதலில் சிரித்துவிட்டேன். பிறகு புத்தகத்தை மூடிவிட்டேன்.

அம்மாவிடம் காட்டவில்லை. பில்களைப் போட்டுவைக்கும் தகரப்பெட்டி என் பொறுப்பில் இருந்ததால் நான்தான் தொலைத்தேன் என்று இன்னும் நினைக்கிறாள். அப்படியே இருக்கட்டும். மெஷின் போனபின் நான் பள்ளிக்கூடத்தை விட்டுக் கம்பெனிக்கு வந்ததற்கும் இதற்கும் நீ முடிச்சுப் போடாதே.

பில் இல்லாதவர்களைப் பற்றிய அத்தியாயத்தை உன் பேராசிரியர், "இது புலம்பலா இருக்கும்மா, ஆராய்ச்சியா இல்ல" என்று சொன்னதால் எடுத்துவிடப் போவதாக எழுதியிருந்தாய். எடுக்காதே. பழுதான மெஷினை மாற்றித் தரக் கேட்டுப் போன அன்று கடைக்காரர், "உங்களைப் பார்த்ததே இல்லையேம்மா" என்று சொன்னபோது நான் அம்மாவின் பின்னால் நின்றேன். அதே மெஷினில் நூல் கோத்துக் காட்டி, "பாப்பா, ஊசிகிட்ட விரலை வெச்சிடாத" என்று என்னிடம் சொன்னவர் அவர். கையில் பில் இல்லை. ஆனால் எல்லாம் தெரிந்த நான் அங்கே இருந்தேன். நாக்கு எழவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

பில்லைக் கேட்பதற்கு முன்னால் கூட நின்றவர்களைக் கேட்கவேண்டும் என்று எழுது, அக்கா. அதைச் சட்டத்தின் பாஷையில் எப்படிச் சொல்வதென்று உனக்குத்தான் தெரியும்.

புத்தகத்தை அனுப்பியிருக்கிறேன். பில்லை அந்தப் பக்கத்திலேயே விட்டிருக்கிறேன். அதைப் பார்த்து அழாதே. எழுதி முடித்ததும் வீட்டுக்கு வா. இரண்டு வருஷமாக ஏதேதோ காரணம் சொல்கிறாய். வெட்டு மேஜை காலியாகத்தான் கிடக்கிறது. நீ படி. "நீ யாருடி?" என்று கேள். இந்த முறை எழுந்து நின்று சொல்கிறேன்.

உன் வருகைக்குக் காத்திருக்கும்,
நீ வாயாடி என்று பெயர் வைத்த
உன் தங்கை