பெப்பர் ‘ம்’ கொட்டிய நாட்கள்

7 மார்ச் 1994, திங்கள்

காலையிலிருந்து தூறல். லண்டனுக்குள் பிளேஸ்டோ ஸ்டேஷனில் இறங்கியதும் குடைக் கம்பி போயிற்று. பண்ணை முழுக்கச் சேறு.

ஆட்டுக் கொட்டில் கழுவல். வாத்துக்குத் தண்ணீர். பெப்பருக்கு நகம் வெட்டல்: முன்கால் இரண்டும் முடிந்தது, பின்காலைத் தொட்டதும் உதை. லாமா ஒட்டகத்துக்குச் சொந்தம், அதற்குக் குளம்பில்லை, நகம்தான் என்று இங்கே வேலைக்கு வந்த முதல் நாள் சொன்னபோது நான் நம்பவில்லை. பூச்சி மருந்து ஊசி அடுத்த வாரம்.

கூட இருந்த லாமா சோல்ட்டை கென்ற் பக்கப் பண்ணைக்கு ஏற்றிப் போனதிலிருந்து பெப்பர் தனி. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்க்க ஒரு லாமா போதுமாம். கேற்றடியில் நின்று றோட்டையே பார்க்கிறது. நான் பக்கத்தில் நின்று ஏதாவது சொன்னால் ‘ம்’ என்கிறது. மனேஜர் லிண்டா அதை ஹம்மிங் என்கிறாள். சந்தோஷத்துக்கும் அதே சத்தம், கவலைக்கும் அதே சத்தமாம். அவளுக்கு என்ன தெரியும். கதை சொன்னால் கேட்கிறவர் ‘ம்’ கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் சொல்கிறவளுக்கு என்ன ருசி?

போன ஐப்பசியில் இவர் கண்ணை மூடிய பிறகு எனக்கு ‘ம்’ கொட்ட ஆளில்லை.

8 மார்ச், செவ்வாய்

வெயில் முகத்தைக் காட்டிவிட்டு ஒளிந்தது. வெந்தயம் முடிந்தது. ஃபாரஸ்ட் கேட் கடையில் வாங்க. மீனும் நல்லதென்றால்.

குளியலறை ஒழுகுவது, மேல்வீட்டுக்காரி கதவை அடித்துச் சாத்துவது எல்லாம் பெப்பருக்குச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் ‘ம்’. நீளமாக, அடித்தொண்டையில். மனது லேசாயிற்று.

மகள் சுதா போனில் சிரிக்கிறாள். “அம்மா, ப்ளீஸ். லாமாவுக்குத் தமிழ் தெரியாது.”

அப்பாவுக்கு மட்டும் நான் சொன்னதெல்லாம் விளங்கினதோ என்று கேட்டேன். அவள் பேச்சை மாற்றிவிட்டாள்.

உண்மைதான். சோற்றைப் பிசைந்தபடி ‘ம்’, டிவியைப் பார்த்தபடி ‘ம்’. “இஞ்சாருங்கோ, கேக்கிறியளோ, சும்மா ம் எண்டுறியளோ?” அதற்கும் ‘ம்’. எத்தனை தரம் எரிந்து விழுந்திருப்பேன். இப்போது அந்த ஒரு எழுத்துக்கு ஏங்குகிறேன்.

10 மார்ச், வியாழன்

காற்று. வைக்கோல் எல்லாம் பறக்கிறது.

லிண்டா வந்து கேட்டாள். சனிக்கிழமை கென்ற்றுக்கு ஒரு வண்டி போகிறது, பெப்பரையும் சோல்ட்டோடு சேர்த்து விடுவோமா என்று. பாதி வைக்கோல் தின்னாமல் அப்படியே கிடப்பதை அவளும் பார்த்திருக்கிறாள். வேண்டாம், பழகிவிட்டது, என்னோடு நன்றாகக் கதைக்கிறது என்று சொன்னேன். உனக்குத்தான் அதைத் தெரியும் என்றாள். விட்டுவிட்டாள்.

அதுவும் போய்விட்டால் நான் அங்கே யாரிடம் போய் நிற்பது?

பெப்பர் பல்லை நெறுமுகிறது. அசைபோடுகிறதாக்கும்.

12 மார்ச், சனி

லீவு. வீடு கூட்டினேன். இவருடைய கோட் இன்னும் கதவுக்குப் பின்னால். கென்ற் வண்டி போயிருக்கும்.

14 மார்ச், திங்கள்

மழை.

பூச்சி ஊசிக்கு முதல் நிறை பார்க்க லிண்டா பெப்பரின் ரோமத்துக்குள் கையை விட்டாள். முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள். மேலே பார்த்தால் மெத்தை மாதிரி. உள்ளே முதுகெலும்பு கத்திபோல் துருத்திக்கொண்டு. நான் தினம் தடவியது வெறும் ரோமத்தை.

சாணியும் தார் மாதிரிக் கறுப்பு.

மிருக வைத்தியர் பின்னேரம் வந்தார். பெடியன் வயது. நாய், பூனை, எப்போதாவது மாடு பார்க்கிறவர். லாமா அதிகம் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். தன்னைப் படிப்பித்தவருக்குப் போன் எடுத்துக் கேட்டுவிட்டு வந்து என்னைக் கேள்வி கேட்டார். சாப்பாடு எப்படி? பல் நெறுமுதலா? எத்தனை நாளாக முனகுகிறது?

முனகவில்லை, கதைக்கிறது என்றேன்.

என்னைப் பார்த்தார். கோபமில்லை. அது நோவில் வரும் சத்தம் என்றார். இனத்திலிருந்து பிரித்துத் தனியே விட்டால் அந்தக் கவலையிலேயே இவற்றுக்கு வயிற்றில் புண் வருமாம். புண் ஆழமாயிருக்கும் என்று பயப்படுகிறார். ஊசி போட்டார். சோல்ட்டைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லி லிண்டா போன் பண்ணினாள். புதன்கிழமைதான் முடியுமாம்.

15 மார்ச், செவ்வாய்

ஊசி காலை, மாலை. இளஞ்சூட்டுத் தண்ணீர் இரண்டு மிடறு. வேறொன்றுமில்லை.

கொட்டிலில் பக்கத்தில் இருந்தேன். நான் வாயே திறக்கவில்லை. பெப்பர் மட்டும்.

ம். ம். ம்.

16 மார்ச், புதன்

நல்ல வெயில்.

போனபோது பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. வயிறு கல். புண் ஓட்டை விழுந்துவிட்டது, இனி வதைக்கக் கூடாது என்றார் டொக்டர். கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். கடைசி ஊசி. சத்தம் நின்றது.

மத்தியானம் சோல்ட் வந்தது. கூட இருந்தது செத்தால் மணந்து பார்க்க விட வேண்டுமாம், இல்லாவிட்டால் தேடிக்கொண்டே இருக்குமாம். காதடியில் மணந்தது. பிறகு நிமிர்ந்து ‘ம்’ என்றது. நான் வெளியே போய்விட்டேன்.

17 மார்ச், வியாழன்

வேலைக்குப் போகவில்லை. தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

லிண்டா போனில். வெட்டிப் பார்த்தார்களாம். லாமாவின் வயிறு மூன்று அறையாம், மூன்றாவதில் ஓட்டை, பக்கத்தில் பழைய புண்கள். என்மேல் பிழையில்லை என்று டொக்டர் சொல்லச் சொன்னாராம். இந்தப் பிராணிகள் நோவை வெளியே காட்டாதாம்.

வெளியே காட்டாது. அப்படி ஒருவரோடு நான் இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தினேன்.

ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி ஞாயிறு. கட்டிலோரம் இருந்து சுதாவின் புது வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் நர்ஸ் வந்து, நோகிறதா என்று அவரிடம் கேட்கச் சொன்னாள். “நோகுதோ?” என்று கேட்டேன்.

‘ம்’ என்றார்.

என் கதைக்குத்தான் ‘ம்’ கொட்டுகிறார் என்று நினைத்தேன். மீதியைச் சொன்னேன்.