பதினொரு மிஸ்ட் கோல்

பலாபத்வல,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி சுதர்ஷினிக்கு,

மணியக்கா எழுதுவது. வவுனியாவில் நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் உன் அத்தானும் இருக்கிறோம். சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்குச் சீனி வருத்தமும் முழங்கால் வலியும். அவருக்கு த்ரீவீலர் ஓட்டி ஓட்டி இடுப்பு போய்விட்டது. மழை விட்டபாடில்லை, துணி காயவே மூன்று நாள் ஆகிறது.

உன் விலாசத்தை முத்துவீரன் சித்தப்பாவிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். எட்டு வருஷம் கழித்து உனக்கு என்னத்துக்கு என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். கேட்கட்டும், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை உன் போனில் என் நம்பரிலிருந்து பதினொரு மிஸ்ட் கோல் இருந்திருக்கும். இத்தனை வருஷம் பேசாதவள் இத்தனை தடவை அடிக்கிறாளே, யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. என்ன நடந்தது என்று சொல்கிறேன். சிரிப்பு வந்தால் சிரி, ஆனால் பாதியில் மடித்து வைத்துவிடாதே.

அன்று காலையில் யட்டவத்தச் சந்தைக்குப் போனேன். உன் அத்தான் இடுப்பு வலி என்று த்ரீவீலரை எடுக்காமல் வீட்டில் இருந்தார். அரிசியைக் களைந்து வைத்துவிட்டுப் போகிறேன், பதினொரு மணிக்கு உலையில் போடுங்கள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். திரும்பி வந்தபோது பதினொன்றரை இருக்கும். வாசல் கதவு திறந்து கிடந்தது. அவருடைய செருப்பு வாசலில். த்ரீவீலர் நிறுத்தின இடத்தில். மேசையில் வேதப்புத்தகம் விரித்தபடி, அதன்மேல் அவருடைய மூக்குக்கண்ணாடி. சோறு பொங்கி வழிந்து அடுப்பெல்லாம் கஞ்சி. ஆள் மட்டும் இல்லை.

எங்கள் சபையில் என்ன சொல்லித் தருவார்கள் என்று உனக்குத் தெரியும், நானே உன்னை உட்காரவைத்து எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். ஆண்டவர் சொல்லாமல் வருவார். ஆயத்தமாக இருக்கிறவர்களை ஒரு நொடியில் எடுத்துக்கொள்வார். மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும், சமைத்தவள் இருக்கமாட்டாள் என்று பாஸ்டர் இருபத்தாறு வருஷமாகச் சொல்லிவருகிறார். அந்தச் சோற்றை நான் கண்ணால் பார்த்தேன், சுதா.

அடுப்பை அணைத்தேன். இவரைக் கூப்பிட்டேன், கொல்லைப்புறம், குளிக்கிற இடம் எல்லாம் பார்த்தேன். அவருடைய போன் கட்டிலில் கிடந்தது. பாஸ்டருக்குக் கோல் எடுத்தேன், லைன் போகவில்லை. ரூத் சகோதரிக்கும் அப்படித்தான். சபையார் எல்லாரும் அன்று ரிவர்ஸ்டன் மலைக்கு உபவாச ஜெபத்துக்கு வேன் பிடித்துப் போயிருந்தார்கள். முழங்கால் முடியாது என்று நானும் இடுப்பு முடியாது என்று உன் அத்தானும்தான் போகவில்லை. அங்கே சிக்னல் இல்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் என் புத்தி அப்படிப் போகவில்லை. மலையில் ஜெபத்தில் இருந்தவர்களை அப்படியே எடுத்துக்கொண்டார் என்றுதான் போனது.

ரோட்டில் லொறிகள் போய்க்கொண்டுதான் இருந்தன. யாழ்ப்பாண பஸ் ஒன்று சனத்தை அடைத்துக்கொண்டு போனது. அதில் இருந்தவர்களைப் பார்த்து, இனி இவர்கள்தான் எனக்குக் கூட்டு என்று நினைத்தேன்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். முதலில் எனக்குப் பயம் வரவில்லை. அப்பாடா என்று இருந்தது. சந்தைப் பையைக் காலடியில் வைத்துவிட்டு வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தேன். இருபத்தாறு வருஷமாக நான் ஒரு பாத்திரம் கழுவாமல் படுத்ததில்லை. இடி இடித்தால் வானத்தைப் பார்க்காமல் இருந்ததில்லை. சினிமா இல்லை, கலியாண வீட்டுச் சாப்பாடு இல்லை, காதில் தோடு இல்லை. எந்த இடத்துக்குக் கால் எடுத்து வைத்தாலும், இங்கே நிற்கும்போது அவர் வந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு யோசனை. களைத்துப்போனேன். எல்லாம் முடிந்தது, இனி ஆயத்தமாக இருக்கத் தேவையில்லை என்றதும் உடம்பு அப்படியே விட்டுப்போனது. கொஞ்ச நேரம் நித்திரைகூட வரும்போல் இருந்தது.

பிறகுதான் பயம் வந்தது. அவர்கள் எல்லாரும் போக நான் மட்டும் ஏன்? யோசித்துப் பார்த்தேன். அதிக நேரம் யோசிக்கத் தேவைப்படவில்லை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், ரத்தோட்டயில் செத்துப்போன அம்மாவைக் கிடத்தியிருந்த அன்று நான் வெள்ளைச் சேலையோடு ரோட்டோரம் குடை பிடித்து நின்றேன். வீட்டுக்குள் வரவில்லை. நீ வெளியே வந்தாய், கையெல்லாம் மஞ்சள். அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும், தலையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றாய். அந்தச் சடங்கில் கை வைக்கிற நேரம் ஆண்டவர் வந்துவிட்டால் நான் என்ன பதில் சொல்வது என்று உன்னிடம் கேட்டேன். "வந்தா வரட்டும்க்கா, நீ தலையப் பிடி" என்றாய். நான் பிடிக்கவில்லை. பக்கத்து லயத்து வீட்டு ஆள் ஒருத்தி வந்து பிடித்தாளாம், பிறகு கேள்விப்பட்டேன். பெற்ற மகள் இருபது அடி தூரத்தில் நிற்க, அம்மாவின் தலை யாரோ ஒருத்தியின் கையில் இருந்தது. அதைச் சபையில் சாட்சியாக வேறு சொன்னேன். எல்லாரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

படியில் உட்கார்ந்திருந்தபோது உன் நினைவு வந்தது. நீ எப்படியும் இங்கேதான் இருப்பாய் என்று உனக்குக் கோல் எடுத்தேன். கோபப்படாதே, எங்கள் போதனைப்படி நீ கைவிடப்படுகிறவள்தானே. உலகத்தில் எனக்கு மிச்சம் நீ ஒருத்தி, உன் நம்பர் என்னிடம் இருக்கிறது என்று ஒரு தைரியம். மணி அடித்தது. நீ எடுக்கவில்லை. இரண்டாம் தடவையும் எடுக்கவில்லை. நாலாவது, ஐந்தாவது தடவையும் அப்படித்தான். சுதாவையும் எடுத்துக்கொண்டுவிட்டார், என்னைத்தான் விட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் செய்தது சரி என்றும் நினைத்தேன். அம்மாவின் தலையைப் பிடிக்க ஆள் கூப்பிட்டவள் அவள்தானே. அதற்குப் பிறகும் ஆறு தடவை அடித்தேன்.

ஒரு மணி போல உன் அத்தான் யாருடையதோ த்ரீவீலரில் வந்து இறங்கினார், வெறுங்காலோடு. பக்கத்து வீட்டு ஸரீனாவின் மாமியார் நோனா உம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாராம். ஸரீனா கத்தின கத்தலுக்கு இவர் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி ஓடி, தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றி, மாத்தளை ஆஸ்பத்திரிவரை கூடவே போயிருக்கிறார். இடுப்பு எலும்பில் வெடிப்பு, மற்றப்படி பயமில்லை. என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "சோத்த எறக்குனியா?" அழுதுவிட்டேன். பொங்கி வழிந்த சோற்றுக்கா இப்படி அழுகிறாய் என்று திட்டினார். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

நோனா உம்மாவைப் பார்க்க நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரைக் குளிக்கவைக்க முடியாது, ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். ஸரீனா ஒற்றை ஆளாகத் திண்டாடினாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பாரமாகத்தான் இருந்தது.

ஆண்டவர் வருவார், அதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. விசுவாசத்தை விட்டுவிட்டாள் என்று நினைத்துவிடாதே. ஆனால் வந்துவிட்டார் என்று நம்பி உட்கார்ந்திருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் நான் முழங்கால்படியிடவில்லை, அவரைக் கூப்பிடவும் இல்லை. உன்னைத்தான் கூப்பிட்டேன். அதை யாரிடம் போய் சாட்சி சொல்வது?

நீ அன்று வேலையில் இருந்திருப்பாய். அல்லது நம்பரைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டிருப்பாய். அதற்கும் உனக்கு நியாயம் இருக்கிறது. அதற்குப் பிறகு மூன்று நாளாக ஜெபத்துக்குப் போகும்போதுகூட போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதம் அம்மாவின் திதி வருகிறது. நீ படையல் போடுவாய். நான் கும்பிடமாட்டேன், அது என்னால் ஆகாது, உன்னிடம் இனிப் பொய் சொல்லவும் ஆகாது. ஆனால் முதல் நாளே வந்து காய் வெட்டுவேன், தேங்காய் துருவுவேன், எல்லாரும் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவுவேன். எங்கள் வாசலில் போகிற யாழ்ப்பாண பஸ் உன் ஊர் வழியாகத்தான் போகிறது. எட்டு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், ஒரு நாளும் கை காட்டி நிறுத்தியதில்லை. உன் குசினியில் நான் நிற்கிற நேரம் அவர் வந்துவிட்டால் என்ன செய்வாய் என்று கேட்பாய். வந்தா வரட்டும்.

உன்னையும் உன் பிள்ளைகளையும் எங்கள் ஆண்டவரும் காக்கட்டும், நீ கும்பிடுகிற மாரியம்மனும் காக்கட்டும். இந்த வரியை எழுத எனக்கு அரை மணி நேரம் எடுத்தது, வெட்டாமல் விடுகிறேன்.

இந்தக் கடிதம் கிடைத்ததும் என் நம்பருக்கு ஒரே ஒரு ரிங் விட்டு வெட்டிவிடு. பேச வேண்டாம். பேச மனம் வராது என்று தெரியும். நீ இன்னும் இங்கேதான் இருக்கிறாய் என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தலையெழுத்தில் வாய்த்த அக்கா,
மணி