மிளகுத் தராசில் என் எடை

வளப்பூர் நாடு, கொல்லிமலை
ஞாயிறு காலை

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறாளா?

இந்த மலைப் பள்ளிக்கு நான் கிளம்பியபோது, தினமும் சைக்கிள் மிதித்துப் பத்துக் கிலோ குறைத்தால் புது சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னீர்கள். நேற்று மிளகு வியாபாரி அப்பாஸ் அலியின் தராசில், மூட்டைகளுக்கு நடுவே ஏறி நின்றேன். பதினொரு கிலோ குறைந்திருக்கிறது.

மிளகு போட வந்திருந்த வீட்டுக்கார பாப்பாயி அக்கா, "ஏனுங்க டீச்சர், இப்புடி எளச்சுட்டீங்க?" என்றார்.

"சைக்கிள் மிதிக்கிறேன் அக்கா."

"அது செயின் அந்துபோயி ரெண்டு மாசமா எங்க ஊட்டுச் செவுத்துல சாஞ்சு கெடக்குதுங்களே."

நான் இறங்கியதும் அப்பாஸ் அலி அடுத்த மூட்டையை ஏற்றிவிட்டார்.

எப்படியோ குறைந்துவிட்டது, சைக்கிள் எனக்குத்தான். அம்மாவிடம் எடையைச் சொல்ல வேண்டாம். அவள் போடும் நார்த்தங்காய் ஊறுகாய் கொஞ்சம் வேண்டும்.

சைக்கிளைப் பார்சலில் அனுப்பாதீர்கள். முழங்கால் சரியானதும் நீங்களே கொண்டு வாருங்கள். பஸ் ஹாரன் கேட்கிறது, கடிதத்தைக் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். முழங்கால் முழுக்கச் சரியாகாவிட்டாலும் வாருங்கள்.

உங்கள் மகள்,
மதிவதனி