பன்னிரண்டாம் பாடத்துக்கு முன்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். போனில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பா கண்ணில் படாமல் படி.

ஜெர்மன் வகுப்பு தொடங்கி ஆறு வாரமாகிறது. ஒரு வருடப் பாடத்தைப் பத்து வாரத்தில் திணிக்கிறார்கள். காலை எட்டு மணியிலிருந்து வகுப்பில் வேறு மொழி பேசக் கூடாது. நொடி தவறாமல் உள்ளே நுழையும் ஆசிரியைக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். பதினெட்டுப் பேர் அரைகுறையாக “உங்கள் வீடு பெரியதா?” என்று ஒருவரையொருவர் விசாரிப்பதைப் பார்த்தால் சிரித்தே களைத்துப்போவாய். “ஜெர்மன் படிச்சு யார்கிட்டடி பேசப்போற, மிக்ஸிகிட்டயா?” என்று நீ கேட்டதை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

மதியம் கேட்பறை. தடுப்பு வைத்த மேஜைகள், ஆளுக்கொரு ஹெட்போன். ஓர் ஆண் குரல் கேள்வி கேட்டுவிட்டு இடைவெளி விடும். அதற்குள் நாம் பதில் சொல்ல வேண்டும். என் மேஜையில் மட்டும் அந்த இடைவெளி காலியாக இல்லை. எப்போதோ படித்த ஒருத்தியின் பதில்கள் அழியாமல் கிடக்கின்றன. அறையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சொன்னேன். “பழைய ஸ்டூடன்ட் குரல்மா. கேசட்ல இருந்தத அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திட்டாங்க. பேய்னு நெனச்சு ஓடிடாத, இருக்கறதே பதினெட்டுப் பேரு” என்றார்.

முதலில் பேசுவது நீ என்றே நினைத்தேன். அச்சு அசல் உன் குரல். பதில் தேடும்போது நீ சொல்வாயே, “இரு இரு, சொல்றேன்” என்று, அதையும் தமிழில் சொல்லிவிட்டுத்தான் ஜெர்மனுக்குப் போகிறாள். முதல் பாடத்தின் பதிவு கெட்டுவிட்டதால் பெயர் தெரியவில்லை. மற்றதும் அப்போது புரியவில்லை. குரல் கேட்டால் போதுமென்று உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு அம்மாவின் குரல் என்று பெரியம்மா சொல்வது நினைவுக்கு வந்தது. எண்கள் படித்த பிறகு மூன்றாம் பாடத்தைத் திரும்பக் கேட்டேன். இன்று என்ன தேதி என்ற கேள்விக்கு வருடத்தோடு பதில் சொல்கிறாள். அம்மா காய்ச்சலில் போய்விட்டதாக அப்பா சொன்ன நாளுக்கு இரண்டு வருடம் பிந்திய தேதி அது. அப்படியானால் இது அம்மாவின் குரல் இல்லை என்று நிம்மதிகூட வந்தது.

அடுத்தது குடும்பப் பாடம். பிள்ளைகள் எத்தனை? இரண்டு மகள்கள். வயது? பதினொன்று, ஆறு. கணக்குப் போட்டுப் பார், அக்கா. அந்தத் தேதியில் நமக்கு அதே வயது.

ஏழாம் பாடம் வகுப்பறையைப் பற்றியது. சன்னல் எங்கே, கதவு எங்கே, உங்கள் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்? கூடப் படிப்பவரின் பெயரைச் சொல்ல வேண்டிய கேள்வி. “என் சின்ன மகள்” என்கிறாள், சன்னலைப் பற்றிச் சொன்ன அதே சாதாரணக் குரலில். திரும்பிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலி காலி. ஆனால் அது மேஜையை விட்டுச் சற்று வெளியே இழுபட்டிருந்தது. அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மூன்றாம் முறை “என் அம்மா” என்று சொல்லிவிட்டேன். இயந்திரம் அதையும் பதிந்துகொண்டது.

நேற்றுப் பத்தாம் பாடம். உங்கள் பிள்ளைகளுக்கு ஜெர்மன் தெரியுமா? “தெரியாது. நான் இங்கே இருப்பது பெரியவளுக்கு மட்டும் தெரியும்.”

அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகச் சரிபார்த்தேன். வேறு எந்த மொழியானாலும் படி, இது வேண்டாம் என்று ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தாய். தபால்காரர் மணி அடித்தால் யாரையும் முந்தவிடாமல் வாசலுக்கு ஓடுவாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளை இதை வாய்க்குள் வைத்துக்கொண்டு எனக்குத் தலைபின்னி விட்டிருக்கிறாள் என்று நினைத்ததும் கோபம் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டாம் பாடம், அவள் பதிவில் கடைசி. புத்தகத்தில் கேள்வியைப் பார்த்துவிட்டேன். படிப்பு முடிந்ததும் எங்கே போவீர்கள்?

அதை அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் முதன்முதலாகத் தெரிந்துகொள்ள வேண்டாம். நீ சொல், நம் பேச்சில் சொல். பாதிதான் தெரியுமென்றால் பாதியைச் சொல். ஒன்றும் தெரியாதென்றால் அதையாவது ஒரு வரி எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. இத்தனை வருடம் நீ தனியாகச் சுமந்தது போதும் அக்கா, பாதியை என்னிடம் கொடு.

உன்
சின்னவள்